ஒரே படித்துறை, நான்கு படங்கள்

ஆடிப்பெருக்கன்று அம்மா மண்டபத்தில் நாம் எல்லோரும் ஆசையோடு படம் எடுக்கிறோம். அதே படித்துறையைச் சித்திரை வெயிலில் எடுத்தவர் நம்மில் எத்தனை பேர்? ‘வெறும் மணல்தானே!’ என்று திரும்பிவிடுகிறோம். இது விருந்துக்கு மட்டும் வரும் உறவல்லவா?

இயற்கை ஆர்வலர் மா. கிருஷ்ணன் (1912–1996) பல பாகங்களை இணைத்துத் தாமே அமைத்த காமிராவால், கறுப்பு வெள்ளையில் காட்டு விலங்குகளைப் படம் பிடித்தார். விலையுயர்ந்த கருவியைவிடப் பொறுமையே பெரிது என்பதற்கு அவரே சான்று.

ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப எடுப்பது சலிப்பு என்பார்கள். 2018 ஆகஸ்டு வெள்ளத்தில் முக்கொம்பில் கொள்ளிடம் அணையின் மதகுகள் உடைந்தன. திருவரங்கத்தருகே பழைய கொள்ளிடப் பாலத்தின் தூண்களும் சரிந்தன. என்றும் இருக்கும் என்று நாம் எண்ணியவை அவை! இன்று அவற்றின் பழைய தோற்றத்தைக் காட்ட, முன்பு எடுத்த படங்களே உள்ளன.

ஆகவே தோழியரே, வீட்டிலுள்ள கைப்பேசியே போதும். ஆடி, ஐப்பசி, மார்கழி, சித்திரை என நான்கு முறை ஒரே படியில் நின்று எடுப்போம், தேதியும் குறிப்போம். வற்றிய காவிரியையும் பார்க்கக் கற்றவர்களே அவளைக் காக்கவும் முன்வருவார்கள்.