கொண்டையை எறியாதீர்கள்!

அன்னாசிப் பழம் வாங்கி வந்தால் முதல் வேலையாக அதன் கொண்டையைத் திருகிக் குப்பையில் போடுகிறோம். மாணவ நண்பர்களே, அடுத்த முறை அதை எறியாதீர்கள். அந்தக் கொண்டை ஒரு செடி. அதைவிட முக்கியமாக, உங்கள் பள்ளி ஆய்வகத்தில் இல்லாத ஓர் ஆய்வுப் பொருள்.

வளர்ப்பது எளிது. ஒட்டியிருக்கும் சதையை நீக்கி, அடி இலைகள் சிலவற்றை உரித்துவிட்டு, நிழலில் நாலைந்து நாள் காயவிடுங்கள். பிறகு மணல் கலந்த மண்ணில், அடியில் துளையுள்ள தொட்டியில் நடுங்கள். நீர் தேங்கினால் வேர் அழுகிவிடும். பழத்துக்கு ஏறத்தாழ இரண்டு ஆண்டு பொறுக்க வேண்டும். "அதற்குக் கடையிலேயே வாங்கிக்கொள்ளலாமே!" என்பார்கள் வீட்டில். வாங்கிக்கொள்ளட்டும். நான் இதைப் பழத்துக்காகச் சொல்லவில்லை.

புளியங்குடிக்காரர்களுக்கு எலுமிச்சையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. கோடையில் அந்த மரங்களுக்குத் தண்ணீர் விட எவ்வளவு பாடுபடுகிறார்கள் என்பதை நீங்களே பார்க்கிறீர்கள். எலுமிச்சை இலை பகலில் தன் துளைகளைத் திறந்து கரியமில வாயுவை உள்ளே வாங்குகிறது. அதே வாசல் வழியாக நீராவி வெளியே போகிறது. எவ்வளவு போகும்? இங்கேதான் இயற்பியல் வருகிறது.

இலைக்குள் இருக்கும் காற்று நீராவியால் தெவிட்டிய நிலையில் இருக்கும். பகலில் வெப்பநிலை 35 டிகிரி செல்சியஸ், காற்றின் ஒப்பு ஈரப்பதம் 40 விழுக்காடு என்று கொள்வோம். இலையும் அதே வெப்பநிலையில் இருந்தால், இலைக்குள் ஆவியழுத்தம் 42 மி.மீ. பாதரசம், வெளியே 17. வேறுபாடு 25. இரவில் 25 டிகிரி, ஈரப்பதம் 80 விழுக்காடு என்றால் உள்ளே 24, வெளியே 19. வேறுபாடு வெறும் 5! நீராவியை வெளியே தள்ளுவது இந்த வேறுபாடுதான். துளை ஒரே அளவு திறந்திருந்தால், இரவில் ஐந்தில் ஒரு பங்கு நீர்தான் வீணாகும்.

இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்ததைப் போலவே அன்னாசி நடந்துகொள்கிறது. இரவில் துளைகளைத் திறந்து, கரியமில வாயுவை வாங்கி, அதை மாலிக் அமிலமாக மாற்றிச் செல்லின் நுண்குமிழ்ப் பையில் சேமித்துவைக்கிறது. பகலில் பெரும்பாலான நேரம் கதவை அடைத்துக்கொண்டு, சேமித்த அமிலத்திலிருந்து அவ்வாயுவை விடுவித்து, சூரிய ஒளியின் உதவியால் மாவுப் பொருளாக்குகிறது. (பிற்பகலின் இறுதியில் துளைகள் கொஞ்சம் திறப்பதும் உண்டு.) ஒரு கிராம் கரியமில வாயுவை ஈட்ட, எலுமிச்சை போன்ற செடிகள் சுமார் 400 முதல் 500 கிராம் நீரை இழக்கின்றன. அன்னாசி வகையைச் சேர்ந்தவை 50 முதல் 100 கிராமோடு நிறுத்திக்கொள்கின்றன.

இந்த உண்மைக்கான முதல் தடயங்களுள் ஒன்றைத் தந்தவர், இந்தியாவில் கிழக்கிந்தியக் கம்பெனியின் பணியிலிருந்த பெஞ்சமின் ஹெய்ன் என்ற தாவர ஆராய்ச்சியாளர். நம் ஊரில் 'கட்டிப்போட்டால் குட்டி போடும்' என்கிறார்களே, அந்தச் செடியின் இலையை அவர் மென்று பார்த்தார். காலையில் நல்ல புளிப்பு. நண்பகலில் சுவையே இல்லை. மாலையில் சற்றுக் கசப்பு. இதை அவர் எழுதியனுப்ப, லண்டன் லின்னேயன் சங்கத்தின் இதழில் 1815இல் அச்சாயிற்று. அவரிடம் இருந்த கருவி நாக்கு ஒன்றுதான். நீங்கள் அதைப் பின்பற்ற வேண்டாம். அந்த இலையில் நஞ்சுப் பொருள்கள் உண்டு.

இன்று மேல்நிலைத் தாவரவியலில் இச்செய்தி ஒரு பத்தியாக வருகிறது. மனப்பாடம் செய்கிறோம், மதிப்பெண் வாங்குகிறோம். செய்து பார்ப்பதுதான் இல்லை. காரணத்தை யோசித்தால் வேடிக்கையாக இருக்கும். ஆய்வகம் திறக்கும் நேரத்தில் அன்னாசியின் இரவுப் பணி முடிந்து, அமிலம் கரையத் தொடங்கியிருக்கும்! செடி நம் மணியடிப்புக்குக் காத்திருக்காது. நாம்தான் செடியின் நேரத்துக்குப் போக வேண்டும். வீட்டில் தொட்டி வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். வீட்டில் செய்த சோதனையைச் செய்முறைக் குறிப்பேட்டில் ஏற்றுக்கொள்ளவும் ஆசிரியர்கள் முன்வர வேண்டும்.

செடி வேர்விட்டுச் சில மாதங்கள் ஆனதும் இதைச் செய்யுங்கள். பெரியவர் ஒருவர் உடன் இருக்கட்டும். மாலை ஆறு மணிக்கு ஓர் இலையின் நடுப்பகுதியில் ஐந்து செ.மீ. துண்டு வெட்டி நறுக்கி, கொதிக்கும் காய்ச்சி வடித்த நீரில் பத்து நிமிடம் வேகவிடுங்கள். மறுநாள் விடியுமுன் பக்கத்து இலையில் அதே அளவு துண்டு, அதே அளவு நீர். வெந்ததும் நொதிகள் செயலிழந்துவிடும். அமிலம் அப்படியே நிற்கும். இரண்டையும் வடிகட்டிச் சீசாக்களில் பள்ளிக்குக் கொண்டுபோகலாம். அங்கே பினாப்தலீன் இரண்டு சொட்டு விட்டு, நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடைப் பியூரெட்டிலிருந்து இளஞ்சிவப்பு வரும்வரை சேருங்கள். விடியற்காலை வடிநீருக்குக் கூடுதலாகச் செலவாகும் காரம்தான், அந்த ஓர் இரவில் செடி சேர்த்த அமிலத்தின் அளவு.

மார்கழியில் ஒருமுறை, சித்திரையில் ஒருமுறை செய்யுங்கள். இரவு புழுக்கமாக இருந்தால் அமிலச் சேமிப்பு குறையும் என்பது பொது விதி. புளியங்குடி மாடியில், உங்கள் தொட்டியில், எவ்வளவு குறைகிறது? அந்த எண் எந்தப் பாடநூலிலும் இல்லை.