மின்னஞ்சலில் மறைந்துவரும் கட்டளை: ஏஐ உதவியாளர்களின் தீராத பலவீனம்

மின்னஞ்சலைப் படித்துச் சுருக்கித் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளுக்கு எதிராக அந்த மின்னஞ்சலே ஆயுதமாகக்கூடும் என்பதை, 2025 ஜூனில் வெளியான ‘எக்கோலீக்’ குறைபாடு உணர்த்தியது.

மைக்ரோசாஃப்ட் 365 கோபைலட்டில் எய்ம் செக்யூரிட்டி ஆய்வாளர்கள் கண்டறிந்த இக்குறைபாட்டின் தீவிரம் 10-க்கு 9.3 என மதிப்பிடப்பட்டது. சாதாரணக் கடிதம்போல் ஒரு மின்னஞ்சல் அனுப்பினால் போதும். பெறுபவர் எந்த இணைப்பையும் சொடுக்க வேண்டியதில்லை. பின்னர் அவர் அதனுடன் தொடர்புடைய கேள்வி ஒன்றைக் கேட்கும்போது, கருவி அம்மின்னஞ்சலையும் சேர்த்துப் படிக்கும். அதில் பொதிந்துள்ள கட்டளைப்படி, உள் ஆவணத் தகவலை ஒரு படத்தின் இணைய முகவரியில் சேர்க்கும். அப்படம் தானாகத் திறக்கும்போது தகவல் வெளியேறும்.

மைக்ரோசாஃப்ட் தனது சர்வரிலேயே இதைச் சரிசெய்ததுடன், வாடிக்கையாளர் எவரும் பாதிக்கப்படவில்லை என்றும் தெரிவித்தது.

எனினும், அடைபட்டது ஒரு வழி மட்டுமே. பயனர் இடும் கட்டளையையும் அந்நியரின் கடித வாசகத்தையும் மொழி மாதிரிகள் ஒரே உரையாகவே பெறுகின்றன. இரண்டையும் உறுதியாகப் பிரித்தறிய அவற்றால் இயல்வதில்லை. ‘பிராம்ப்ட் இன்ஜெக்‌ஷன்’ எனப்படும் இத்தாக்குதலின் வேர் இதுவே.

ஆகவே, கருவி ஏமாறாது என நம்புவதைவிட, ஏமாந்தாலும் சேதம் விளையாதபடி அதன் அதிகாரத்தைக் குறைப்பதே நிறுவனங்களுக்குப் பாதுகாப்பு. வெளியிலிருந்து வரும் மின்னஞ்சலை ரகசிய ஆவணங்களுடன் சேர்த்துப் படிக்க அனுமதிக்காமல் இருப்பதும், எதையும் அனுப்பும் முன் மனிதரின் ஒப்புதலைக் கட்டாயமாக்குவதும் அதன் முதல் படிகள்.