குரோமியப் பூச்சும் கலியாணப் பசையும்

கலியாணம் முடிந்து விருந்தினர் விடைபெற்ற மறுநாட் காலை. மணமக்களை ஏற்றிவந்த எங்கள் பழைய மொறிஸ் மைனர் கார் வாயிலில் நின்றது. மாலைகளும் பட்டு நாடாக்களும் களையப்பட்டிருந்தன. ஆயினும், அவற்றைப் பம்பரிற் பிடித்துவைத்த ஒட்டுநாடாக்களின் பசை மட்டும் வெயிலிற் காய்ந்து, தூசியை வாரிக்கொண்டு, கரிய பட்டைகளாய் எஞ்சியிருந்தது.

"இதென்ன பெரிய வேலை, மாமா? நொடியில் நீக்கிவிடுகிறேன்" என்று மருமகன் புறப்பட்டான். நான் தேநீர் அருந்திவிட்டு வருவதற்குள், தச்சர் மரம் தேய்க்கும் அரத்தாளினாற் பின் பம்பரைத் தேய்த்து முடித்துவிட்டான். பசை போயிற்று, அதனோடு பளபளப்பும் போயிற்று. என் தந்தையார் வாங்கி, தம் இறுதிக்காலம் வரை ஞாயிறுதோறும் துடைத்துப் பேணிய பம்பர் அது. பிள்ளையை நோவதிற் பயனில்லை. முன்னரே சொல்லிக்கொடாதது என் குற்றம். ஆகவே அதனை இவ்வாரம் எல்லோருக்குமாகச் சொல்கிறேன்.

பம்பர் முழுவதும் குரோமியம் என்று பலர் எண்ணுவர். அவ்வாறன்று. உள்ளே இருப்பது உருக்கு. அதன்மேல் நிக்கற் படை. அதற்கும் மேலேதான் குரோமியம். அழகுக்காகப் பூசப்படும் இக்குரோமியப் படையின் தடிப்பு, ஒரு மில்லிமீற்றரை 1,000 பங்காக்கினால் அதில் ஒரு பங்கிலும் பெரும்பாலும் குறைவானதே. குரோமியம் கடினமான உலோகமாயினும், அரத்தாளின் மணல் அதனிலும் கடினமானது. மேற்படை தேய்ந்தால் நிக்கலின் மங்கிய மஞ்சட் சாயல் தெரியும். நிக்கலும் கிழிந்தால் ஈரம் உருக்கை அடையும், துரு பிடிக்கும். பின்னர் மீண்டும் முலாம் பூசுவதன்றி வேறு வழியில்லை.

பசையின் இயல்பையும் அறிதல் நன்று. ஒட்டுநாடாவின் பசை, உலர்ந்து இறுகும் கோந்து போன்றதன்று. அமுக்கிய அளவிலே பற்றிக்கொள்ளும் மென்பொருள். இத்தகைய நாடாவுக்கும் மோட்டார்க் காருக்கும் பழைய உறவுண்டு. 1925ஆம் ஆண்டில் அமெரிக்காவில் றிச்சேட் ட்றூ என்பவர், காருக்கு இரு நிறத்தில் வர்ணம் பூசுவோர் படும் தொல்லையைக் கண்டு, எளிதில் உரிக்கத்தக்க மறைப்பு நாடாவை ஆக்கினார். உரிப்பதற்கென்றே பிறந்த நாடாவும், பல நாள் வெயிலிற் கிடந்தால் பசையை விட்டுச்செல்லும்.

இப்பசை தண்ணீரிற் கரையாது, எண்ணெய்க்கு இளகும். எனவே செய்ய வேண்டியவை இவை:

1. காரை நிழலில் நிறுத்துங்கள். தூசியைச் சவர்க்கார நீராற் கழுவுங்கள். தூசியோடு தேய்த்தால் அத்தூசியே அரத்தாளாகிவிடும்.

2. சுடுநீரில் நனைத்துப் பிழிந்த துவாயைப் பசையின்மேற் சில நிமிடம் வைத்திருங்கள். இளகிய பசையை விரல் நுனியால் உருட்டி எடுங்கள்.

3. எஞ்சியதன்மேல் தேங்காயெண்ணெய் தடவி அரைமணி நேரம் விடுங்கள். பின்னர் மெல்லிய பருத்தித் துணியாற் துடையுங்கள். ஒரு முறையிற் போகாவிடின் மறுமுறை தடவுங்கள்.

4. அதற்கும் அசையாத பசைக்குத் துணியிற் சிறிது மண்ணெண்ணெய் போதும். அருகில் நெருப்பு இருத்தலாகாது. றப்பரிலும் வர்ணத்திலும் அது படாமற் பார்த்துக்கொள்ளுங்கள்.

5. இறுதியிற் சவர்க்கார நீராற் கழுவி, ஈரமின்றித் துடையுங்கள்.

அரத்தாள், சவர அலகு, பாத்திரம் துலக்கும் கம்பிச்சுருள், துலக்கும் தூள் ஆகியவற்றைக் கிட்டவும் கொண்டுபோகாதீர்கள். இக்காலக் கார்களில் வெள்ளிபோல் மின்னும் அலங்காரப் பட்டிகள் பல, பிளாஸ்ரிக்கின்மேல் முலாமிட்டவை. அவற்றுக்கு வர்ணம் கரைக்கும் தின்னரும், நகப்பூச்சு நீக்கும் திரவமும் ஆகா. பெற்றோல் எக்காருக்கும் வேண்டாம். அது எளிதிற் தீப்பற்றும்.

எல்லாவற்றிலும் மேலானது வருமுன் காத்தல். மாலையை நூலாற் கட்டுங்கள். ஒட்டுநாடா இன்றியமையாததாயின், அன்று மாலையே அதனை மெல்ல மடக்கி உரித்துவிடுங்கள்.

அன்று முன் பம்பரிலும் பசை இருந்தது. அதனை மருமகன் தேங்காயெண்ணெய் கொண்டு நீக்கினான். ஒரு முற்பகல் சென்றது. அடுத்த மாரி கழிந்தபோது பின் பம்பரிற் செந்நிறப் புள்ளிகள் தோன்றிவிட்டன. முன் பம்பரில் இன்றும் முகம் பார்க்கலாம். பசை நாளையும் அங்கேயே இருக்கும், நாளையும் நீக்கலாம். தேய்த்துப் போக்கிய குரோமியமோ மீண்டு வாராது.