ஒஸ்டினா, மொரிஸ் மைனரா?



போரில் கணவரை அல்லது தகப்பனை இழந்த சில வீடுகளில், அவர் ஓடிய பழைய கார் மட்டும் மிஞ்சி நிற்கிறது. "பழைய இரும்புதானே" என்று சொல்லி விலை பேச வருவோர் பலர். விற்பதா, வாடகைக்கு ஓடவிடுவதா என்று முடிவெடுக்க வேண்டியவர் அந்தப் பெண்தான். அதற்கு வண்டியின் கணக்கு தெரிந்திருக்க வேண்டும். எமது வீதிகளில் நெடுங்காலம் ஓடிய இரண்டு பிரித்தானியக் கார்களை வைத்து இதனைப் பார்ப்போம்.

ஒஸ்டின் ஏ-40 சமர்செட் 1952 முதல் 1954 வரை தயாரிக்கப்பட்டது. என்ஜின் 1200 சிசி, வலு சுமார் 40 குதிரைவலு, நிறை ஏறக்குறைய ஒரு தொன். 1956இல் வந்த மொரிஸ் மைனர் 1000இன் என்ஜின் 948 சிசி, வலு 37 குதிரைவலு, நிறை சுமார் 775 கிலோ.

மேலோட்டமாகப் பார்த்தால் ஒஸ்டினே பலசாலி. ஆனால் வலுவை நிறையால் பிரித்துப் பாருங்கள். ஒரு தொன்னுக்கு ஒஸ்டினுக்கு 40 குதிரைவலு, மைனருக்கு 48. எனவே பெலிஹுல்ஓயா தாண்டி ஹல்துமுல்லைப் பக்கம் ஏறும்போது, ஆட்கள் குறைவாக இருந்தால் மைனர் இலகுவாக ஏறும். ஆட்களும் மூட்டைகளும் கூடினால் பெரிய என்ஜின் உள்ள ஒஸ்டின் கைகொடுக்கும்.

அடுத்தது எரிபொருள். ஒரு கலனுக்கு ஒஸ்டின் சுமார் 30 மைல் ஓடும், மைனர் சுமார் 40 மைல் ஓடும். பலாங்கொடையிலிருந்து கொழும்புக்கு ஏறக்குறைய 140 கிலோமீற்றர். அதற்கு ஒஸ்டினுக்கு 13 லீற்றர் வேண்டும், மைனருக்கு 10 லீற்றர் போதும். வண்டி பழுதடைந்திருந்தால் இது கூடும். வாடகைக்கு ஓடுபவருக்கு ஒவ்வொரு பயணத்திலும் அந்த மூன்று லீற்றர் இலாபமோ நட்டமோ ஆகும்.

இந்தக் கணக்கு தலைகீழான காலமும் உண்டு. 1990களில் பொருளாதாரத் தடையால் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் கிடைக்காதபோது, பழைய கார்களைச் சிறிதளவு பெற்றோலில் இயக்கிவிட்டு, மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். எரியுமுன் வாயுவை என்ஜின் எவ்வளவு நெருக்குகிறது என்பதை அமுக்க விகிதம் என்பர். அது கூடினால் மண்ணெண்ணெயில் என்ஜின் தட்டும். ஒஸ்டினில் அது ஏழுக்குச் சற்று மேல், மைனர் 1000இல் வழமையாக எட்டுக்கு மேல். புதிய வண்டிகளில் இன்னும் அதிகம். சாதாரண காலத்தில் குறையாகத் தெரிந்த ஒன்றே அன்று நோயாளிகளையும் பிள்ளைத்தாய்ச்சிகளையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சேர்க்க உதவியது.

இரண்டிலும் இருப்பது டிரம் பிரேக். நீண்ட இறக்கத்தில் சூடேறினால் பிடிப்புக் குறையும். சிறிய கியரில் இறங்குமாறு சாரதியிடம் தயங்காமல் சொல்லுங்கள்.

ஆகவே எந்தக் கார் சிறந்தது என்ற கேள்விக்கு ஒரே பதில் இல்லை. எந்த வீதி, எவ்வளவு பாரம், என்ன எரிபொருள் என்பதைப் பொறுத்தே பதில் அமையும். முச்சக்கரவண்டி வாங்கினாலும் இதே கேள்விகள்தான்.

வீட்டில் பழைய வண்டி இருந்தால், விலை பேசுமுன் மூன்று காரியங்களைச் செய்யுங்கள். பதிவுப் புத்தகத்தைத் தேடி எடுங்கள். அதிலுள்ள என்ஜின் இலக்கமும் செசி இலக்கமும் வண்டியில் உள்ளவற்றுடன் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். வாங்க வந்தவருடன் தொடர்பில்லாத ஒரு மெக்கானிக்கிடம் காட்டுங்கள். அதன் பிறகு விற்பதும் வைத்திருப்பதும் உங்கள் முடிவு.