நாய்க்கும் பல் இருக்கிறது

எங்கள் ஒன்றியத்தில் உள்ள ஓர் உரக்கடையில் யூரியா மூட்டைகளுக்குப் பக்கத்திலேயே இப்போது நாய்த்தீனி மூட்டைகளும் அடுக்கியிருக்கின்றன. மேலே கண்ணாடி அலமாரியில் 'பல் குச்சி' என்று ஒரு பொட்டலம். நாய் அதைக் கடித்தால் பல் சுத்தமாகுமாம். "யாருங்க இதெல்லாம் வாங்குறாங்க?" என்று கேட்டேன். "நம்ம விவசாயிங்கதான் அண்ணே. நாய் முன்ன மாதிரி சோறு திங்க மாட்டேங்குதாம்" என்றார் கடைக்காரர்.

விதை மூட்டையில் வந்தது. உரம் மூட்டையில் வந்தது. மாட்டுத் தீவனமும் அப்படியே. கடைசியில் காட்டுக்குக் காவல் கிடக்கிற நாய்க்கும் மூட்டை வந்துவிட்டது. மண்புழுவைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுகிற நாம் வாசலில் படுத்திருக்கிற நாயைப் பற்றி ஒரு கூட்டத்திலாவது பேசியிருக்கிறோமா? மயிலையும் பன்றியையும் விரட்ட ராத்திரி முழுக்கத் தூங்காமல் கிடப்பது அதுதான். அதன் வாயைத் திறந்து பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர்?

நான் சொல்ல வருவது இரண்டு பாதியாக இருக்கிறது. நாய்க்கு வாரம் இரண்டு மூன்று தடவை கறி ஒட்டிய எலும்பைப் பச்சையாகப் போடுங்கள். அதன் பல்லுக்கு அதுதான் வேப்பங்குச்சி. ஆனால் கறிக்கடைக் கழிவில் வரும் ஈரல், நுரையீரல், தலை இவற்றைப் பச்சையாக வீசுகிற பழக்கத்தை அதே கையோடு நிறுத்துங்கள். முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விடாதீர்கள். நம் ஆடும் நம் வீட்டுப் பிள்ளையும் இருப்பது இரண்டாவது பாதியில்.

முதலில் பல்லைப் பார்ப்போம். வளர்ந்த நாய்க்கு மொத்தம் 42 பல். மேலே 20, கீழே 22. மாடு மாதிரி தாடையைப் பக்கவாட்டில் ஆட்டி அதனால் அரைக்க முடியாது. மேலும் கீழும்தான் அசைக்கும். இரு பக்கமும் மேல் வரிசையில் ஒரு பெரிய பல், கீழ் வரிசையில் ஒரு பெரிய பல், கத்தரிக்கோல் போல உரசிக்கொள்ளும். கறியையும் சவ்வையும் வெட்டுவதற்காக அமைந்த பல் அது. தயிர்ச் சோற்றையும் பிஸ்கட்டையும் தின்ன அதற்கு வேலையே இல்லை. நாய் அப்படியே விழுங்கிவிடும்.

வேலை இல்லாத பல்லில் அழுக்கு படியும். தின்ற சில மணி நேரத்திலேயே பல்லின் மேல் கிருமிகள் வழவழப்பாக ஒரு படலம் கட்டுகின்றன. அதை எதுவும் உரசித் துடைக்காவிட்டால் எச்சிலில் உள்ள சுண்ணாம்புச் சத்து அதில் இறங்கி, இரண்டு மூன்று நாளில் கெட்டிப்பட ஆரம்பிக்கும். அதுதான் பற்காரை. மஞ்சளாக ஆரம்பித்துப் பழுப்பாகி, ஈறுக்கு அடியில் இறங்கும். ஈறு சிவந்து வீங்கும், ரத்தம் கசியும், பல்லைப் பிடித்திருக்கிற எலும்பு கரையும். பல் ஆடி விழும். "நாய் வாய்னா நாறத்தானே செய்யும்" என்று நாம் சும்மா இருக்கிறோம். நல்ல வாய் அப்படி நாறாது. நாறுகிறது என்றால் உள்ளே சீழ் இருக்கிறது என்று அர்த்தம். மூன்று வயது தாண்டிய நாய்களில் பெரும்பாலானவற்றுக்கு ஏதோ ஓர் அளவில் ஈறு நோய் இருக்கிறது என்பது கால்நடை மருத்துவர்கள் வழக்கமாகச் சொல்வது. நகரத்தில் மயக்க மருந்து கொடுத்துக் காரையைச் சுரண்டி எடுக்கிறார்கள். நம்மில் எத்தனை பேரால் அது முடியும்?

நாய்க்குப் பிஸ்கட் என்ற சமாச்சாரமே பழங்காலத்து வழக்கம் இல்லை. 1860களில் லண்டனில் ஜேம்ஸ் ஸ்பிராட் என்ற அமெரிக்கர் கோதுமை மாவு, காய்கறி, கொஞ்சம் கறி எல்லாம் சேர்த்துச் சுட்டு விற்றது அது. இன்று நாம் பார்க்கிற, இயந்திரத்தில் பிதுக்கிப் பொரித்தெடுத்த உருண்டைத் தீனி 1957இல் அமெரிக்காவில் ப்யூரினா கம்பெனி கொண்டுவந்தது. ஆக, நாயும் மனிதனும் சேர்ந்து வாழ்ந்த பல ஆயிரம் வருடத்தில் மூட்டைத் தீனிக்கு வயது நூற்றைம்பது சொச்சம்தான்.

இதைக் கேள்வி கேட்டவர்களும் மருத்துவர்கள்தான். ஆஸ்திரேலியாவின் கால்நடை மருத்துவர் இயன் பில்லிங்ஹர்ஸ்ட் நாய்க்கு எலும்பு கொடுங்கள் என்று 1993இல் புத்தகமே எழுதினார். அதே நாட்டில் டாம் லான்ஸ்டேல் என்ற இன்னொரு மருத்துவர் 2001இல் 'கறியொட்டிய பச்சை எலும்பு' என்பதையே தலைப்பாக வைத்து ஒரு புத்தகம் போட்டார். பதப்படுத்திய தீனியால் வாய் அழுகி, அதிலிருந்து உடம்பும் கெடுகிறது என்பது அவர் வாதம். 2016இல் பிரேசில் ஆய்வாளர்கள் சில பீகிள் நாய்களுக்கு மாட்டு எலும்புத் துண்டைப் பச்சையாகக் கொடுத்துப் பார்த்தார்கள். மூன்று வாரத்துக்குள் பல்லில் இருந்த காரையில் பெரும்பகுதி போய்விட்டது. சின்ன ஆய்வுதான். அதுவும் காரையைத்தான் அளந்தார்கள், ஈறு நோய் தீர்ந்ததா என்று அல்ல. இதைப் பெரிதாக ஊதிவிட எனக்கு விருப்பமில்லை. கம்பெனிக்காரன் ஊதுகிறான் என்று திட்டிவிட்டு நாமும் ஊதக் கூடாதல்லவா?

லான்ஸ்டேல் சொல்வதை அப்படியே நான் ஏற்றுக்கொள்ளவும் இல்லை. நாய் ஓநாய்தான், அதற்குக் கஞ்சியே ஆகாது என்று பேசுகிறவர்கள் நம் ஊருக்கு வந்து பார்க்க வேண்டும். கம்மங்கூழும் ராகிக் களியும் தின்றே நம் ராஜபாளையமும் கோம்பையும் சிப்பிப்பாறையும் தலைமுறை தலைமுறையாக ஓடியிருக்கின்றன. 2013இல் வந்த ஒரு மரபணு ஆய்வும் இதற்குச் சாதகம்தான். மாவுச்சத்தைச் செரிக்கிற மரபணு ஓநாய்க்கு இரண்டு பிரதி. நாய்க்கு நாலிலிருந்து முப்பது வரை. நம் உலைச்சோற்றைத் தின்று தின்றே அது நாயானது. ஆகவே கூழை நிறுத்தச் சொல்லவில்லை. கூழ் வயிற்றுக்கு, எலும்பு பல்லுக்கு. அந்தக் காலத்துக் காட்டு நாய்க்கு இரண்டும் கிடைத்தது. இப்போது நாயைச் சங்கிலியில் கட்டிவிட்டோம், அதனால் எலும்பு நின்றுபோனது.

எந்த எலும்பு என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். பிரியாணி எலும்பு, குழம்பு எலும்பு வேண்டவே வேண்டாம். வெந்த எலும்பு நொறுங்கும்போது ஊசி ஊசியாகச் சிம்பு உடையும். தொண்டையில், குடலில் குத்தும். போதாக்குறைக்கு அதில் வெங்காயமும் பூண்டும் உப்பும் ஊறியிருக்கும். வெங்காயம் நாயின் ரத்தச் சிவப்பணுவையே உடைக்கும். பச்சை எலும்பு அப்படிச் சிதறாது, வளைந்து கொடுத்து நசுங்கும். ஆட்டு நெஞ்செலும்பு, கழுத்து, வால் எல்லாம் நல்லது. சின்ன நாய்க்குக் கோழிக் கழுத்து. மாட்டுத் தொடை எலும்பை நான் சொல்ல மாட்டேன். அந்த ஆய்வில் கொடுத்தது அதைத்தான் என்றாலும், அவ்வளவு கனத்த எலும்பை வெறிகொண்டு கடிக்கிற நாய்க்கு அந்தக் கத்தரிப் பல்லே பிளந்துபோகும். துண்டு எப்போதும் நாயின் வாயைவிடப் பெரிதாக இருக்கட்டும். விழுங்க முடியாது, கடித்துத்தான் ஆக வேண்டும். கறி ஒட்டியிருப்பது முக்கியம். கறியைப் பிய்க்கிறபோதுதான் பல் துடைபடுகிறது. இரண்டு நாய் இருந்தால் தனித்தனியாகப் போடுங்கள், இல்லாவிட்டால் சண்டைதான். பல் ஏற்கெனவே ஆடுகிற கிழட்டு நாய்க்கு எலும்பு போடாதீர்கள். முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள். வாயைத் திறந்து பார்ப்பதற்கு முன்னால் வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டாயிற்றா என்று பாருங்கள்.

பிராய்லர் கோழிக்கு ஒரு வார்த்தை. 2014இல் டெல்லியின் அறிவியல் சுற்றுச்சூழல் மையம் சோதித்த 70 கோழிக்கறி மாதிரிகளில் 40 சதவீதத்தில் நுண்ணுயிர்க் கொல்லி மருந்தின் எச்சம் இருந்தது. உணவுக்கு வளர்க்கிற உயிர்களுக்குக் கொலிஸ்டின் மருந்தை 2019இல் மத்திய அரசே தடை செய்தது. நமக்கு ஆகாதது நாய்க்கு மட்டும் ஆகுமா? முடிந்தவரை ஆட்டு எலும்பு, நாட்டுக்கோழி என்று பாருங்கள்.

"பச்சைக் கறி ருசி கண்டா நாய் ஆட்டைக் கடிக்கும்பா" என்று எங்கள் ஊர்ப் பெரியவர்கள் சொல்வார்கள். கிடை நாய்களைப் பாருங்கள். செத்த ஆட்டைத் தின்றுவிட்டு உயிரோடு இருக்கிற ஆட்டைக் காவல் காக்கின்றன. கடிப்பதும் காப்பதும் வளர்ப்பில் இருக்கிறது. நம் இயக்கத்திலேயே சைவ நண்பர்கள் பலர் உண்டு. அவர்கள் முகம் சுளிப்பதும் தெரியும். அவர்கள் சாப்பாட்டைப் பற்றி நான் பேசவில்லை. மாட்டுக்குப் புல், நாய்க்கு எலும்பு. அதன் இயல்பை அதற்கு விட்டுக்கொடுப்பதும் ஜீவகாருண்யம்தான் என்பது என் எண்ணம்.

இனி இரண்டாவது பாதி. அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கம் 2012இல் நாய்க்குப் பச்சை மாமிசம் கொடுக்காதீர்கள் என்று கொள்கையே எடுத்தது. கிருமி மனிதனுக்குத் தொற்றும் என்பது அவர்கள் பயம். அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. எலும்பு தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள். ஆனால் நம் ஊரில் அதைவிடப் பெரிய ஆபத்து வேறு.

ஆட்டை அறுக்கும்போது ஈரலிலும் நுரையீரலிலும் சில நேரம் தண்ணீர் நிறைந்த கட்டிகள் இருக்கும், பார்த்திருப்பீர்கள். கறிக்காரர் அதை அறுத்து ஓரமாக எறிவார். நாய் கவ்விக்கொண்டு போகும். அந்தக் கட்டிக்குள் இருப்பது ஒரு நாடாப்புழுவின் குஞ்சுகள். நாயின் குடலில் அது சில மில்லிமீட்டர் நீளப் புழுவாக வளர்ந்து, மலத்தோடு முட்டையை வெளியே தள்ளும். நாய்க்கு ஒன்றும் ஆகாது, கொழுகொழுவென்றுதான் இருக்கும். முட்டை புல்லில் விழுந்தால் ஆட்டுக்கு, கீரைப் பாத்தியில் விழுந்தால் நமக்கு. நாயைத் தடவிய கையோடு முறுக்குத் தின்கிற பிள்ளைக்கு. மனித ஈரலில் அந்தக் கட்டி வருடக்கணக்கில் சத்தமில்லாமல் வளரும். பலருக்குக் கடைசியில் அறுவைதான்.

செத்த ஆட்டின் தலையும் அப்படியே. ஆடு ஒரே பக்கமாகத் தலையைச் சாய்த்துச் சுற்றிச் சுற்றி வந்து விழுந்து சாகிறதே, காத்து கருப்பு என்று மந்திரிக்கிறார்களே, அதில் பல நேரம் காரணம் மூளைக்குள் இருக்கிற புழுக்கட்டி. எல்லாச் சுற்றலும் இதனால் அல்ல. வேறு நோயும் உண்டு. ஆனால் அந்தத் தலையை நாய் தின்றால் அடுத்த வருடம் அதே மேய்ச்சலில் இன்னும் நாலு ஆடு சுற்றும். கிடை போட்டு மண்ணை வளமாக்குகிற நாம் அந்த நாய்களுக்கும் சேர்த்துக் கவலைப்பட வேண்டும்.

ஆகவே ஈரல், நுரையீரல், தலை என்றால் முக்கால் மணி நேரம் கொதிக்க வைத்துப் போடுங்கள், இல்லையென்றால் நாய் தோண்டாத ஆழத்தில் புதையுங்கள். கன்று ஈன்றபின் விழுகிற இளங்கொடியைச் சாக்கில் கட்டி ஆலமரத்தில் தொங்கவிடுவார்கள் நம் ஆட்கள். பால் பெருகும் என்று காரணம் சொல்வார்கள். பால் பெருகுமோ என்னவோ, நாய் வாய்க்கு எட்டாமல் போகிறது. நஞ்சுக்கொடியையும் கருச்சிதைந்த கன்றையும் நாய் தின்றால் நியோஸ்போரா என்ற ஒட்டுண்ணி நாய் வழியாகத் தொழுவத்துக்குத் திரும்பிவரும், மாடுகள் கன்று போடும். ஆலமரம் இல்லாத ஊரில் குழி வெட்டுங்கள்.

நாய்க்கு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை புழு மருந்து கொடுங்கள். வெறுமனே 'பூச்சி மருந்து' என்று கேட்டால் உருண்டைப் புழுவுக்கான மருந்தை மட்டும் தந்துவிடுவார்கள். பிராசிகுவான்டல் சேர்ந்த மாத்திரை வேண்டும் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். நாடாப்புழுவைக் கொல்வது அதுதான். இயற்கை விவசாயிக்கு ஆங்கில மருந்தா என்று கேட்கிறவர்கள் மாற்றுச் சொல்லட்டும், சோதித்துக் காட்டட்டும். அதுவரை நான் மாத்திரைதான் கொடுப்பேன்.

ஆடு சுற்றுகிற நோய்க்கு உங்கள் பக்கத்தில் என்ன பெயர், கிடைக்காரர்கள் அந்தத் தலையை என்ன செய்கிறார்கள் என்று இதழுக்கு எழுதுங்கள். ஒரே மாவட்டத்துக்குள்ளேயே வேறு வேறு பெயர் சொல்கிறார்கள்.