இதற்குச் சான்று எது?

விக்கிப்பீடியாவில் தொகுப்புப் பணி செய்யும் எமது இளையோருக்கு, தொழில்நுட்பச் செய்தித்தளமான சிநெட் பற்றிய பதிவு ஒரு நற்பாடம்.

1990களில் தொடங்கப்பட்ட அத்தளம் நெடுங்காலம் நம்பத்தக்க சான்றாகவே கொள்ளப்பட்டது. 2022 நவம்பர் முதல் செயற்கை நுண்ணறிவின் துணையுடன் எழுதப்பட்ட கட்டுரைகளை அது வெளியிட்டது. அவ்வாறான 77 கட்டுரைகளுள் 41இல் திருத்தம் செய்ய நேர்ந்தமை 2023 ஜனவரியில் வெளிப்பட்டது. ஆங்கில விக்கிப்பீடியாவின் தொகுப்பாளர்கள் விவாதித்து, அத்தளத்தின் நம்பகத் தரத்தைக் குறைத்தனர்.

இத்தகைய பதிவில் புகழுரையும் கூடாது, வசையும் கூடாது. நிறுவனத்தின் சொந்த அறிக்கை மட்டும் போதாது. அதனைச் சாராத ஏடுகளின் சான்றும் வேண்டும். பழைய நற்பெயரையும் பின்வந்த தவறையும் ஆண்டு குறித்து அருகருகே எழுதுவதே நேர்மை.

பெற்றோரே, பிள்ளைகள் இணையத்திலிருந்து எதை எடுத்துக் காட்டினும் "இதற்குச் சான்று எது?" என வினவுங்கள். அவ்வினாவுக்கு விடைதேடப் பழகிய பிள்ளை, பெயர்பெற்ற தளம் சொன்னது என்பதற்காக மட்டும் எதனையும் நம்பிவிடாது.