புகார் வேறு, வழக்கு வேறு

லயத்துப் பையன் ஒருவனைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போய் அடித்து அனுப்பினால் நம்மவர்கள் என்ன செய்கிறார்கள்? தலைவிதி என்று சொல்லி, மறுநாள் பிரட்டுக்குப் போய்விடுகிறார்கள். சற்றுத் துணிந்தவர்கள் ஒரு ரிப்போர்ட் எழுதி வைத்து, அதோடு காரியம் முடிந்ததென்று இருந்துவிடுகிறார்கள். இங்கேதான் நாம் ஏமாந்துபோகிறோம்.

புகார் வேறு, வழக்கு வேறு. அத்துமீறிய உத்தியோகஸ்தர்மீது நடவடிக்கை எடுக்கும்படி கேட்பது புகார். பட்ட காயத்துக்கும் இழந்த உயிருக்கும் நஷ்டஈடு கேட்பது சிவில் வழக்கு. ஒன்று மற்றதற்கு ஈடாகாது.

போலீஸைச் சீர்திருத்த 2005-இல் அரச விசாரணைக் கமிஷன் 125 யோசனைகள் கூறியது. தண்டிக்கும் அதிகாரம் படைத்த சுயேச்சைக் கமிஷன் வேண்டும் என்பது அவற்றுள் தலையாயது. நமக்குக் கிடைத்ததோ, 2022-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் 2023 ஜூலை 1-இல் தொடங்கிய போலீஸ் நடத்தைக் கமிஷன். அது விசாரிக்கலாம், சிபாரிசு செய்யலாம். தானே தண்டிக்க முடியாது. ஆயினும் அங்கே புகார் செய்வது வீணன்று. எழுத்தில் பதிந்த புகார் பின்னால் வழக்குக்குப் பலம்.

ஆனால் ஒன்றை மறக்கலாகாது. அரசாங்க உத்தியோகஸ்தர்மீது 36 மாதங்களுக்குள் வழக்குத் தொடுக்க வேண்டும் என்கிறது 1948-ஆம் ஆண்டின் பொது அதிகாரிகள் பாதுகாப்புச் சட்டம். புகார் விசாரணையில் இருக்கிறது என்பதற்காக அந்தக் கெடு நின்று காத்திருக்காது.

குகன் வழக்கைப் பாருங்கள். 2009 ஜனவரியில் அந்த இளைஞர் சுபாங் ஜெயாவில் போலீஸ் காவலில் மாண்டார். 2012 ஜனவரியில், கெடு முடியும் தறுவாயில், குடும்பத்தார் வழக்குத் தொடுத்தனர். 2013 ஜூனில் உயர் நீதிமன்றம் 8 லட்சம் வெள்ளிக்கு மேல் நஷ்டஈடு விதித்தது. போலீஸார் பொறுப்பாளிகளே என்பதை 2014-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் ஒப்புக்கொண்டது. இன்னும் சில நாட்கள் தாமதித்திருந்தால் நீதிமன்றக் கதவே அடைபட்டிருக்கும்!

வேறொரு சங்கடமும் உண்டு. தவறு செய்த உத்தியோகஸ்தர் யாரென்று காட்ட முடியாவிட்டால், அரசாங்கத்தின்மீது தொடுக்கும் வழக்கு தளர்ந்துபோகும். ஆகவே சட்டையில் உள்ள பெயர், நம்பர், நிலையத்தின் பெயர், நாள், நேரம் எல்லாவற்றையும் அன்றைக்கே குறித்து வையுங்கள். அன்றைக்கே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போய்க் காயங்களைப் பதியச் செய்யுங்கள். பிறகு வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி நிலையத்தை நாடுங்கள்.

கிராணிமார்களுக்கு ஒரு வார்த்தை. எழுத்தறியாத அண்டை வீட்டுக்காரருக்காக நீங்கள் எழுதித் தரும் ஒரு பக்கம், பல்லாயிரம் வெள்ளி பெறும். தோட்டத்தை விட்டுப் பட்டணம் போன நம் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

சட்டம் நமக்கும் உரியதுதான். ஆனால் நாள் கடத்துகிறவனுக்காக அது காத்திருப்பதில்லை.